கானானியர் எல்லாரும் கெட்டவர்களா? சண்டே ஸ்கூலில் ஒரு பையன் கேட்ட கேள்வி

ஞாயிறு_டீச்சர் | திங்கள், இரவு 8:52

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஊர் சர்ச்சில் பிள்ளைகளுக்கு சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். நேற்று யோசுவா பாடம், எரிகோ மதில்: யோசுவா தலைமையில் கானானுக்கு வந்த இஸ்ரவேலர், அங்கே இருந்த கானானியரின் எரிகோ ஊரைச் சுற்றி வர, மதில் விழுந்து, உள்ளே இருந்தவர்களை வெட்டிப் போட்ட கதை. பிள்ளைகள் பெஞ்சைச் சுற்றி ஏழு தரம் நடந்து, சத்தம் போட்டு, மதில் மாதிரி சரிந்து விழுந்து ஒரே கும்மாளம். எல்லாம் முடிந்து உட்கார்ந்த பிறகு ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்தான். "டீச்சர், மதிலுக்கு உள்ள இருந்த சின்னப் பிள்ளைங்களும் கெட்டவங்களா?"

எனக்குப் பதில் வரவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து யோசித்தால், கானானியரைப் பற்றி எனக்குத் தெரிந்தது முழுக்க அவர்களோடு சண்டை போட்டவர்கள் சொன்னதுதான். அவர்கள் தங்களைப் பற்றி ஏதாவது எழுதி வைத்திருக்கிறார்களா? என்ன சாப்பிட்டார்கள், யாரைக் கும்பிட்டார்கள், பிள்ளைகளை எப்படி வளர்த்தார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.

களிமண்பலகை | திங்கள், இரவு 10:17

சகோதரி, நல்ல பையன். அவனுக்குக் காட்ட என்னிடம் ஒரு பொருள் இருக்கிறது. ஒரு பேன்சீப்பு.

லாகீஸ் என்று வேதாகமத்தில் வருமே, எருசலேமுக்குத் தென்மேற்கே இருந்த அந்தக் கானானிய நகரத்தில் 2016இல் தோண்டும்போது கிடைத்தது. யானைத் தந்தத்தில் செய்த சின்னச் சீப்பு, நீளம் மூன்றரை சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நம் பேன்சீப்பு மாதிரியே இரண்டு பக்கமும் பல். ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பல், மறுபக்கம் பேனும் ஈரும் வாரி எடுக்க 14 நெருக்கமான பல். பற்கள் எல்லாம் முறிந்து அடி மட்டும்தான் மிச்சம். ஐந்து வருஷம் அது பெட்டியில் கிடந்தது. 2021 கடைசியில், பேன் ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று உருப்பெருக்கி வைத்துப் பார்த்தவர்கள் கண்ணில் கீறல்கள் பட்டன. பார்த்தால் எழுத்து! மொத்தம் 17 எழுத்து, ஏழு சொல். ஒவ்வொரு எழுத்தும் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் அகலம்தான். வாசித்தபோது வந்தது இது: "இந்தத் தந்தம் தலைமுடியிலும் தாடியிலும் உள்ள பேனை வேரறுக்கட்டும்."

எழுத்தின் வடிவத்தை வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய கி.மு. 1700. கானானிய மொழியில் இதுவரை கிடைத்தவற்றில், முழு வாக்கியமாக எழுத்தில் நிற்கிற மிகப் பழையது இதுதான். அரசன் ஊரைப் பிடித்த கதையும் இல்லை, கோயில் கட்டிய கல்வெட்டும் இல்லை. தலை அரித்த ஒரு மனுஷனுடைய வேண்டுதல். பேனின் மிச்சமும் பல்லுக்கடியில் கிடைத்தது. கானானில் யானை கிடையாது, தந்தம் எகிப்து வழியாக வந்திருக்க வேண்டும். ஆக, காசுள்ள வீட்டுப் பொருள்தான். ஆனாலும் பேன் பணக்காரத் தலை, ஏழைத் தலை பார்க்கவில்லை.

இதை முதலில் சொல்லுங்கள். சண்டையெல்லாம் அப்புறம்.

உபதேசியார்_மகன் | செவ்வாய், காலை 6:40

டீச்சரம்மா, களிமண்பலகை அண்ணன் சொன்னது அருமை. சீப்பு விஷயம் எனக்கே புதுசு. ஆனால் ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பிள்ளைகளிடம் "கானானியர் பாவம், வேதம் சொல்வது பொய்" என்கிற மாதிரிப் போய்விடக் கூடாது. மோளேகு என்ற தெய்வத்துக்குப் பிள்ளையைத் தீக்கடக்கப் பண்ணினார்கள் என்று வேதம் தெளிவாகச் சொல்கிறது. அது சும்மா எழுதியதா? அப்பா 30 வருஷம் ஊர் ஊராகச் சைக்கிளில் போய் ஊழியம் செய்தவர். அவர் சொல்லித்தந்ததை நான் லேசாக விட முடியாது. உங்கள் பதிலைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

களிமண்பலகை | செவ்வாய், பிற்பகல் 1:25

தம்பி, இதை மழுப்பாமல் பேசுவோம்.

கானானியர் வழிவந்த பெனிக்கேயர் ஆப்பிரிக்கக் கரையில் அமைத்த நகரம் கார்த்தேஜ். அங்கே பச்சைக் குழந்தைகளின் எரிந்த எலும்பு உள்ள தாழிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. சில தாழிகளில் குழந்தைக்குப் பதில் ஆட்டுக்குட்டி. நோயில் இறந்த குழந்தைகளுக்கான தனிச் சுடுகாடு என்று ஒரு தரப்பு, நேர்ச்சைப் பலி என்று மறுதரப்பு. கூட உள்ள கல்வெட்டுகள் நேர்ச்சை செலுத்தியதைப் பற்றிப் பேசுவதால் பலி நடந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் தாயகமான கானானில் அப்படியொரு இடம் உறுதியாகக் கிடைக்கவில்லை. அங்கே ஒருபோதும் நடக்கவில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு அதுதான் வழக்கம் என்று சொல்லவும் ஆதாரம் இல்லை.

எரிகோவுக்கு வருவோம். 1952 முதல் 1958 வரை அங்கே தோண்டியவர் கேத்லீன் கென்யன். மதில் இடிந்து ஊர் எரிந்தது உண்மை, ஆனால் அது கி.மு. 1550 வாக்கில் என்றார். யோசுவாவின் காலமாகப் பலரும் சொல்லும் கி.மு. 13ஆம் நூற்றாண்டில் அங்கே பெரிய ஊரே இருந்ததாகத் தெரியவில்லை. யோசுவா எரித்ததாக வேதம் சொல்லும் ஆத்சோரின் கதை வேறு. கானானின் மிகப் பெரிய நகரம் அது, ஏறக்குறைய 80 ஹெக்டேர். அது 13ஆம் நூற்றாண்டில் பெருந்தீயில் அழிந்தது. சிலைகளின் தலையும் கையும் வேண்டுமென்றே உடைக்கப்பட்டிருக்கின்றன. செய்தது யார் என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை.

இன்னொன்று. அப்பாவின் வேதாகமத்திலேயே நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யார் யார் எந்தெந்த ஊர்க் கானானியரைத் துரத்தவில்லை என்று வரிசையாக வரும். "தேசத்தின் குடிகளாகிய கானானியரின் நடுவே குடியிருந்தார்கள்" என்றே இருக்கிறது. அதாவது கானானியர் ஒழிந்துபோகவில்லை, பக்கத்து வீட்டில் இருந்தார்கள். இது வேதம் சொல்வதுதான்.

பெய்ரூட்_பாலா | செவ்வாய், இரவு 11:03

ஒழிந்துபோகவில்லை என்பதற்கு நான் சாட்சி சொல்கிறேன். லெபனானில் ஆறு வருஷம் வேலை பார்த்தேன். சைதா என்று இன்றைக்குச் சொல்கிற ஊர்தான் வேதாகமத்தின் சீதோன். அங்கே ஏறக்குறைய 3700 வருஷத்துக்கு முந்தைய ஐந்து பேரின் எலும்பிலிருந்து மரபணு எடுத்து, இன்றைய லெபனான் மக்களோடு ஒப்பிட்டு 2017இல் வெளியிட்டார்கள். இன்றைய லெபனான்காரர்களின் வம்சாவளியில் 90 சதவீதத்துக்கு மேல் அந்தக் கானானியரிடமிருந்து வந்ததாகத் தெரிந்தது. என்னோடு வேலை செய்த போர்மேன் சைதாக்காரர். செய்தி வந்த அன்று டீ குடிக்கும்போது சொன்னேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அம்மாவிடம் சொல்ல வேண்டும்" என்றார்.

பெய்ரூட் தேசிய அருங்காட்சியகத்தில் லெபனான் கரையிலிருந்த பிப்லோஸ் என்ற பெனிக்கேய நகரத்தின் அரசன் அகிராமின் கல் சவப்பெட்டி இருக்கிறது. 1923இல் கிடைத்தது. மூடியின் விளிம்பில் பெனிக்கேய எழுத்து, கி.மு. 1000 வாக்கைச் சேர்ந்தது. அப்பாவுக்காக மகன் வெட்டி வைத்தது. "இந்தப் பெட்டியைத் திறக்கிறவனின் செங்கோல் முறியட்டும், சிங்காசனம் கவிழட்டும்" என்று சாபம். உள்நாட்டுப் போர் நடந்த காலத்தில் அருங்காட்சியகம் சண்டைக்கோட்டின் மேலேயே இருந்தது. தூக்க முடியாத பெரிய கற்களையெல்லாம் காப்பாற்ற அப்படியே சுற்றிக் கான்கிரீட் ஊற்றி மூடிவிட்டார்களாம். போர் முடிந்த பிறகு உடைத்து எடுத்தார்கள். அதை நினைத்துக்கொண்டே நான் அந்தப் பெட்டி முன்னால் ரொம்ப நேரம் நின்றேன்.

முதல்மொழி | புதன், காலை 9:30

நண்பர்களே, ஒன்றை விட்டுவிட்டீர்கள். கானான் என்பதே "கானகம்" என்ற தமிழ்ச் சொல். கடலோடிகள், வணிகர்கள், காளை வழிபாடு, தாய்த் தெய்வம், எல்லாம் நம்மோடு பொருந்துகிறது. கானானியர் இங்கிருந்து போனவர்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

நூலகவாசி | புதன், காலை 11:48

முதல்மொழி ஐயா, உங்கள் ஆர்வம் புரிகிறது. ஆனால் ஒலி ஒத்துப்போவதால் உறவு வந்துவிடாது. கானானிய மொழி எபிரெயம், பெனிக்கேயம், மோவாபியம் ஆகியவற்றின் குடும்பம். செமித்திய இலக்கணம், மூன்று மெய் கொண்ட வேர்ச்சொற்கள். தமிழின் அமைப்பு முற்றிலும் வேறு. காளையும் தாய்த் தெய்வமும் உலகத்தில் பாதி இடத்தில் உண்டு. மரபணுவும் அப்படிச் சொல்லவில்லை. 2020இல் மெகிதோ முதலான பழைய கானானிய ஊர்களின் 73 பேருடைய எலும்பை வைத்து நடந்த ஆய்வு, அவர்கள் அந்த நிலத்துப் பழங்குடிகளும் ஈரான் மலைப்பகுதி, காக்கேசியப் பக்கத்திலிருந்து வந்தவர்களும் கலந்தவர்கள் என்கிறது.

ஆனால் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது வாய்க்குள் இருந்தது. மெகிதோவில் கி.மு. இரண்டாயிரமாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்த கல்லறைகளில் கிடைத்த பற்களின் காரையைச் சோதித்தார்கள். கோதுமை, எள்ளோடு மஞ்சளின் புரதமும் சோயாவின் புரதமும் இருந்தன. நம் அம்மிக்கு வரும் அதே மஞ்சள். மஞ்சள் தெற்காசியச் சரக்கு, அங்கே விளைவதில்லை. எத்தனை கை மாறி மெகிதோவுக்குப் போயிருக்கும்! அனுப்பியவர்கள் தமிழர் என்று சொல்ல ஆதாரம் இல்லை. இந்தத் துணைக்கண்டத்துச் சரக்கு 3500 வருஷத்துக்கு முன் ஒரு கானானியர் சாப்பாட்டில் இருந்தது என்பது வரை உறுதி. எனக்கு அதுவே போதும்.

அப்புறம் எழுத்து. சீனாய் தீபகற்பத்தில் எகிப்தியரின் டர்க்கைஸ் என்ற பச்சைநீலக் கல் சுரங்கம் இருந்த இடம் செராபித் எல்-காதிம். 1905இல் அங்கே கிறுக்கல் மாதிரி எழுத்துகள் கிடைத்தன. 1916இல் ஆலன் கார்டினர் அதில் ஒரு சொல்லை வாசித்தார்: "லபஅலத்". தலைவிக்கு, அதாவது தேவிக்கு என்று பொருள். எகிப்திய எழுத்து முறையில் நூற்றுக்கணக்கான குறிகள். அங்கே வேலை செய்த கானானியர் அந்தப் படங்களில் சிலவற்றை எடுத்து, பொருளை விட்டுவிட்டு முதல் ஒலியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். மாட்டின் பெயர் அலெஃப், ஆகவே மாட்டுத்தலை படம் அதன் முதல் ஒலிக்கு. வீடு பேத், ஆகவே வீட்டுப் படம் "ப". தண்ணீர் மேம், அலை போட்டால் "ம". முப்பதுக்குள் குறிகள், எவரும் சில நாளில் கற்றுக்கொள்ளலாம். அது பெனிக்கேயர் வழியாகக் கிரேக்கத்துக்குப் போய் ஆங்கில எழுத்தானது, அரமேயர் வழியாகக் கிழக்கே வந்தது. பழைய இந்திய எழுத்தான பிராமி அந்த அரமேய வழியில் பிறந்தது என்பது பல ஆய்வாளர்களின் கருத்து. மறுப்பவர்களும் உண்டு. அந்தக் கருத்து சரி என்றால் நாம் தட்டச்சு செய்கிற தமிழ் எழுத்துக்கும் மூலம் அந்தச் சுரங்கத்துப் பாறைதான்.

ஞாயிறு_டீச்சர் | புதன், இரவு 9:10

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ரொம்ப நன்றி. மாட்டுத்தலை எழுத்தைக் கரும்பலகையில் வரையப் போகிறேன்.

ஒரு சந்தேகம். வேதாகமத்தில் பாகாலோடு கூடவே "தோப்பு விக்கிரகம்" என்று வருகிறதே, அது என்ன? சின்ன வயதிலிருந்து மாந்தோப்பில் ஒரு சிலை நிற்கிற மாதிரிதான் மனதில் படம். பாகால் யார்?

களிமண்பலகை | வியாழன், காலை 5:55

சகோதரி, இந்தக் கேள்விக்காகவே சீக்கிரம் எழுந்தேன்.

அந்தத் தோப்பு ஒரு பெண். அஷேரா என்பது கானானிய தேவியின் பெயர். அவளுக்கு நட்டு வைத்த மரத்தூணுக்கும் அதே பெயர். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது "தோப்பு" ஆகி, ஆங்கிலத்துக்கும் அப்படியே வந்து, தமிழிலும் தோப்பாகவே நின்றுவிட்டது. எலியாவின் கதையில் ஈசபேலின் பந்தியில் சாப்பிடுகிற "தோப்பு விக்கிரகத்தின் தீர்க்கதரிசிகள்" நானூறு பேர் வருவார்கள் இல்லையா, அவர்கள் அஷேராவின் ஆட்கள். அவளுடைய பெயரே காணாமல் போனது 1929க்குப் பிறகுதான் நன்றாக விளங்கியது.

சிரியாவின் கடற்கரையில், லட்டாக்கியா பக்கம், 1928இல் உழுதுகொண்டிருந்த ஒருவரின் கலப்பை ஒரு கல்லில் இடித்தது. பெயர்த்துப் பார்த்தால் கல்லறை. அடுத்த வருஷம் பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்து மேட்டைத் தோண்ட, உகாரித் என்ற நகரமே வெளியே வந்தது. வீடுகளுக்கு அடியிலேயே குடும்பக் கல்லறை, முன்னோரின் மேல்தளத்தில் பிள்ளைகளின் சமையல். அங்கே கிடைத்த களிமண் பலகைகளில் ஆப்பு வடிவத்தில் 30 எழுத்து கொண்ட ஒரு முறை. ஒரு வருஷத்துக்குள் வாசித்துவிட்டார்கள். அதில் இலிமில்கு என்ற எழுத்தர் தன் பெயர் போட்டு எழுதிய பெருங்கதைதான் பாகாலின் கதை.

பாகால் என்றால் எசமான், ஆண்டவன். இயற்பெயர் ஹதாத். மழைக்கும் இடிக்கும் தெய்வம். எகிப்துக்கு நைல் உண்டு, பாபிலோனுக்கு ஐபிராத்து உண்டு. கானான் வானம் பார்த்த பூமி. ராமநாதபுரத்துக்காரனுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கடல் தெய்வம் யாம் வந்து பாகாலைத் தன்னிடம் ஒப்படைக்கச் சொல்லி மிரட்டுகிறான். கொத்தர் என்ற தெய்வக் கொல்லன் இரண்டு தண்டங்கள் செய்து தந்து, அவற்றுக்குப் பெயரும் வைக்கிறான். முதலாவது தோளில் அடித்தும் யாம் அசையவில்லை. இரண்டாவது மண்டையில் விழுந்ததும் சாய்கிறான். பிறகு லீபனோன் கேதுரு மரத்தில் பாகாலுக்கு அரண்மனை எழும்புகிறது. கடைசியில் மோத் வருகிறான். மோத் என்றாலே மரணம். ஒரு உதடு பூமியில், ஒரு உதடு வானத்தில் என்று வாய் பிளந்து நிற்கிறவன். பாகாலை விழுங்கிவிடுகிறான். தெய்வங்களின் தந்தை ஏல் சிங்காசனத்தை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்து, தலையில் புழுதி வாரிப் போட்டுக்கொண்டு அழுகிறான். பாகாலின் தங்கை அனாத் தேடிப் புறப்படுகிறாள். அங்கே ஒரு வரி: கன்றை நினைத்த பசுவின் நெஞ்சு போல, குட்டியை நினைத்த ஆட்டின் நெஞ்சு போல, பாகாலை நினைத்தது அனாத்தின் நெஞ்சு. மோத்தைப் பிடித்து வாளால் பிளக்கிறாள், சல்லடையில் தூற்றுகிறாள், தீயில் சுடுகிறாள், திரிகையில் அரைக்கிறாள், வயலில் விதைக்கிறாள். களத்து மேட்டில் நெல்லுக்கு என்ன நடக்குமோ அத்தனையும் மரணத்துக்கு நடக்கிறது. அப்புறம் ஏல் ஒரு கனவு காண்கிறான். வானம் எண்ணெய் பொழிகிறது, ஓடைகளில் தேன் ஓடுகிறது. பாகால் உயிரோடு இருக்கிறான் என்று அதை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறான். "பாலும் தேனும் ஓடுகிற தேசம்" என்ற சொல் அந்த நிலத்தில் எங்கே வேர் விட்டிருக்கிறது, பாருங்கள்!

பிள்ளைகளைப் பற்றிக் கேட்டீர்கள். அதே உகாரித் பலகைகளில் இன்னொரு கதை. தானேல் என்பவருக்குப் பிள்ளை இல்லை. அவருக்கு ஒரு மகன் வேண்டும் என்று பாகால் ஏலிடம் மன்றாடும்போது, மகன் எதற்கு என்று ஒரு பட்டியலே வருகிறது. முன்னோருக்குக் கல் நாட்டுவான், இகழ்கிறவர்கள் வாயை அடைப்பான், அப்பா குடித்துத் தள்ளாடினால் கையைப் பிடித்துக் கூட்டி வருவான், சேறான நாளில் கூரைக்கு மண் பூசுவான், அழுக்கான நாளில் துணி துவைப்பான். கூரைக்கு மண் பூச ஒரு மகன். இதைப் படித்த அன்று எங்கள் தாத்தா வீட்டுக் கூரைதான் கண் முன் வந்தது.

நூலகவாசி | வியாழன், பிற்பகல் 3:20

அண்ணா, அழகாகச் சொன்னீர்கள். ஆனால் ஒரு திருத்தம் போட்டே ஆக வேண்டும். உகாரித்துக்காரர்கள் தங்களைக் கானானியர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அவர்களுடைய பலகை ஒன்றில் "கானானியன்" என்று ஒருவனை வெளியூரான் பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். கானான் அவர்களுக்குத் தெற்கே. தெய்வங்களும் மொழியும் நெருங்கிய உறவு என்பது சரி, ஆனால் உகாரித்தை அப்படியே எருசலேமுக்கும் மெகிதோவுக்கும் பொருத்திவிடக் கூடாது.

சரியான கானானிய அரசர்களின் குரல் வேண்டுமென்றால் அமர்னா கடிதங்கள். 1887 முதல் எகிப்தில் கிடைத்த ஏறக்குறைய 380 களிமண் பலகைகள், கி.மு. 14ஆம் நூற்றாண்டு. சீகேம், மெகிதோ, எருசலேம் எல்லா ஊர்ச் சிற்றரசர்களும் பார்வோனுக்கு எழுதியவை இதில் உண்டு. "உம் பாதத்தில் ஏழு தரமும் ஏழு தரமும் விழுகிறேன்" என்று தொடங்கி, அடுத்த வரியில் பக்கத்து ஊர்க்காரனைப் பற்றிப் புகார். பிப்லோஸின் ரிப்-ஹத்தா மட்டும் ஏறக்குறைய அறுபது கடிதம் எழுதினார். ஆள் அனுப்புங்கள், தானியம் அனுப்புங்கள், சாப்பாட்டுக்காகப் பிள்ளைகளையும் வீட்டு மரச்சாமான்களையும் விற்றுத் தீர்ந்தது என்று. உழுகிறவன் இல்லாத வயல் கணவன் இல்லாத பெண்ணைப் போல் கிடக்கிறது என்கிறார். கேட்ட உதவி போதுமான அளவு வந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் சொந்தத் தம்பியே அவரை ஊரை விட்டு விரட்டினான்.

அவர்கள் எழுதியது அக்காத் மொழியில், அன்றைய அலுவல் மொழி. எழுதும்போது சொந்தச் சொல் நழுவி விழும். "கூண்டில் அகப்பட்ட பறவை போல் இருக்கிறேன்" என்று எழுத வந்தவர் கூண்டுக்கு அக்காத் சொல்லைப் போட்டுவிட்டு, பக்கத்தில் "கிலூபி" என்று தன் வீட்டுச் சொல்லையும் சேர்த்திருக்கிறார். எபிரெயத்தில் இன்றும் கூண்டுக்கு அதே சொல்தான். மூவாயிரத்து முந்நூறு வருஷம் கழித்து ஒரு மனுஷன் பதற்றத்தில் தாய்மொழிக்குத் தாவியது நமக்குக் கேட்கிறது.

உபதேசியார்_மகன் | வியாழன், இரவு 10:45

எல்லாவற்றையும் இரண்டு தரம் படித்தேன். நியாயாதிபதிகள் முதல் அதிகாரத்தையும் படித்தேன். இத்தனை வருஷம் அந்தப் பட்டியலைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன்.

விக்கிரக வழிபாட்டைப் பற்றி என் விசுவாசம் மாறவில்லை, மாறவும் செய்யாது. ஆனால் அண்ணன் சொன்ன பிறகு தேடியதில் ஒன்று கிடைத்தது. நீதிமொழிகள் 31இல் குணசாலியான ஸ்திரீ கச்சைகளை "வர்த்தகரிடத்தில்" ஒப்புவிக்கிறாள் இல்லையா, அந்த இடத்தில் எபிரெயத்தில் இருக்கும் சொல் "கானானியன்" என்பதே. வியாபாரி என்றாலே கானானியன் என்று ஆகும் அளவுக்குப் பழகியிருக்கிறார்கள். அம்மாவின் அடக்க ஆராதனையில் வாசித்த அதிகாரம் அது. அந்த நல்ல பெண் யாரோடு கணக்கு வைத்திருந்தாள் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

டீச்சரம்மா, பையனுக்கு என்ன சொல்லப் போகிறீர்கள்?

பெய்ரூட்_பாலா | வெள்ளி, காலை 7:15

டீச்சர், நேரம் இருந்தால் சாயத்தையும் சொல்லுங்கள். தீருவிலும் சீதோனிலும் கடல் சங்குப்பூச்சியிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார்கள். 1909இல் ஒரு வேதியியலாளர் 12,000 பூச்சியை உடைத்து எடுத்த சாயம் 1.4 கிராம். சைதாவில் கோட்டைக்குத் தெற்கே அந்த ஓடுகள் குவிந்தே ஒரு மேடு இருக்கிறது. நாற்றம் தாங்காத தொழில் என்பார்கள். கடலோரத்துப் பிள்ளைகள் என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

ஞாயிறு_டீச்சர் | ஞாயிறு, பிற்பகல் 2:30

வகுப்பு முடிந்து இப்போதுதான் வந்தேன்.

சீப்பின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துக் கொண்டுபோனேன். அதில் எழுதியிருப்பதை வாசித்ததும் பெண்பிள்ளைகள் எல்லாரும் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். மாட்டுத்தலை, வீடு, தண்ணீர் மூன்றையும் கரும்பலகையில் வரைந்தோம். மாட்டுத்தலையைக் கவிழ்த்தால் ஆங்கில "ஏ" வருகிறது என்று அவர்களே கண்டுபிடித்துக் கத்தினார்கள்.

அந்தப் பையனிடம் தனியாகச் சொன்னேன். "தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. அந்த ஊரிலும் உன்னை மாதிரிப் பிள்ளைகள் இருந்தார்கள். பேன் பார்த்துவிட அம்மா இருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் கெட்டவர்கள் இல்லை. அந்தச் சண்டையைப் பற்றிப் பெரியவர்களுக்கே இன்னும் கேள்வி இருக்கிறது, எனக்கும் இருக்கிறது." அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சீப்புப் படத்தைக் கேட்டான், கொடுத்துவிட்டேன். சட்டைப்பைக்குள் போகவில்லை என்று நாலாக மடித்து வைத்துக்கொண்டு போனான்.

சாயத்தை அடுத்த வாரம் வைத்திருக்கிறேன். பாலா அண்ணா, அந்தச் சங்குப்பூச்சியின் ஓடு நம் கடற்கரையில் கிடைப்பது மாதிரித்தான் இருக்குமா? படம் இருந்தால் போடுங்கள்.

பெய்ரூட்_பாலா | ஞாயிறு, மாலை 5:02

நம் கரையில் கிடக்கும் முள்ளுச்சங்கின் இனம்தான் டீச்சர், கொஞ்சம் சின்னது. என்னிடம் மூன்று ஓடு இருக்கிறது. படம் எதற்கு? முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், கூரியரில் ஓடே வரும்.